பேரிலேயே கோல்

"மக்கா! ஏ மக்கா!"

மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை. பிரைட்டன் குதிகாலில் எம்பிப் பார்த்தார். கத்தார் மைதானத்தின் உள்வராந்தா முழுக்க நீலச் சட்டைகள், முழுக்க மலையாளம். அவர் தேநீர்க் கடையில் விலைப்பலகையைப் பார்த்து அயர்ந்து நின்ற நேரத்தில், கூட வந்த இரண்டு பேரும் கூட்டத்தில் கரைந்துவிட்டார்கள். போனும் அவர்களுடைய பையில்.

கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு வெள்ளைத்தாடி ஊழியர் அருகே வந்தார்.

"மக்கா?"

"ஆமா, எனக்க மக்கா. இப்பம் இங்கன நின்னான்."

பெரியவரின் முகம் கனிந்தது. ஒரு திசையில் கையை நீட்டி, "மக்கா" என்று உறுதியாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். ஆளைக் கண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில் பிரைட்டனும் பின்னால் போனார்.

பிரைட்டனுக்குப் பெயர்கள் நிற்பதில்லை. கன்னியாகுமரியில் வள்ளங்களின் எஞ்சினைப் பழுது பார்க்கிறார். சத்தத்தைக் கேட்டே எந்த வள்ளம் கரைக்கு வருகிறது என்று சொல்வார். ஓட்டி வருகிறவன் பெயர் தெரியாது. வாடிக்கையாளர் மக்கா, பங்குத்தந்தை மக்கா, கிளம்பாமல் அடம்பிடிக்கும் எஞ்சினும் மக்கா. கல்யாணத்துக்கு அழைப்பு எழுதும்போது சொந்த மைத்துனன் பெயரை மனைவி கிளாராவிடம் கேட்டு எழுதியவர்.

அவருக்குத் தப்பாமல் நிற்கும் ஒரே பெயர் கோலப்பன். கொட்டாரத்தில் வயலும் வாழையும் உள்ள மனிதர். அவருடைய பம்புசெட் மோட்டாரை இருபது வருடமாக பிரைட்டன்தான் பார்க்கிறார். நேரில் அவரையும் மக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் ஆசியக் கோப்பையில் இந்தியா ஆடுகிறது, தோஹாவில் வேலை பார்க்கும் மைத்துனன் பெனின் டிக்கெட் எடுத்துவிட்டான் என்றதும், பிரைட்டன் நேராகக் கொட்டாரம் வரப்பில் போய் நின்றார்.

"நீ வரணும் மக்கா. பேருலயே கோல் உள்ள ஆளு வேற ஆருண்டு?"

"எனக்குப் பந்துன்னா உருண்டைங்கதுக்கு மேல ஒண்ணும் தெரியாது வேய்."

"நீ ஆட வேண்டாம். இருந்தாப் போதும்."

பதினெட்டு வருடம் பங்கு அணிக்கு பிரைட்டன்தான் கோல்கீப்பர். உள்ளே விட்ட கோல் ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது: எந்தக் கால், எந்த மூலை. தன் அணி அடித்த கோல்கள் மைதானத்தின் மறுகோடியில், கடற்காற்று கிளப்பும் மணலுக்கு அப்பால் நடந்தவை. கூச்சல் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். "நம்ம பக்கத்துக்காரன் அடிக்க கோல ஒருக்கா இருந்து காணணும். அதுவும் நாட்டுக்காக அடிக்கது," என்பார். ஐம்பத்து நான்கு வயதில் முதல் பாஸ்போர்ட் எடுத்தது அதற்குத்தான்.

பெரியவர் ஒரு கதவருகே நின்றார். வாசலில் செருப்புகள். பிரைட்டனும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கம்பளம் விரித்த அறை. நான்கைந்து பேர் ஒரே திசை நோக்கித் தொழுதுகொண்டிருந்தார்கள். அவர்களில் கோலப்பன் இல்லை. குமரி மாவட்டத்து மக்கா வேறு, ஹஜ்ஜுக்குப் போகிற மக்கா வேறு என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

உடனே திரும்பியிருக்கலாம். இவ்வளவு தூரம் கூட்டி வந்த மனிதர் வாசலில் அன்போடு பார்த்து நிற்கிறார், மரியாதையாக இருக்காது. பின்சுவர் ஓரமாக முழங்காலில் நின்றார். வந்தது வந்தாயிற்று. "ஒரே ஒரு கோல், மாதாவே" என்றார்.

அந்த நொடியில் மைதானம் அலறியது.

பிரைட்டன் ஷூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். மறுபடியும் கூச்சல் கேட்டுத் தெரிந்துகொண்ட கோல். கடல் தாண்டி வந்தும் அதே கதி. கண்கள் நிறைந்துவிட்டன. வளைவில் கோலப்பன் மேலேயே மோதினார்.

"எங்க வேய் போனீரு? எங்கெல்லாம் தேடுகது?"

"கோல் விழுந்தாச்சா?"

"எவனோ தலையால முட்டுனான். வெளிய போச்சு. அதுக்குத்தான் இந்தக் கூப்பாடு."

"கடவுளுக்கு ஸ்தோத்திரம்!" என்று பிரைட்டன் அவரைக் கட்டிப்பிடித்தார். அந்தப் பக்கமாகப் போன நீலச் சட்டைக்காரர்கள் நின்று முறைத்தார்கள்.

நடந்ததைக் கேட்ட கோலப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த ஊரு விடுகது வர மக்கா கிக்கான்னு வாயத் தெறக்கப்பிடாது. பேரு சொல்லி விளியும்."

இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடத்தில் ஆஸ்திரேலியா ஒன்று போட்டது. மூலையை பிரைட்டன் மனதில் குறித்துக்கொண்டார். பழக்கம். கோலப்பன் தேநீர் வாங்கப் போனார். இருக்கிற ஒரு ராசியும் எழுந்து போய்விட்டதே என்று பிரைட்டன் தவித்தார். கோலப்பன் இரண்டு கோப்பைகளோடு திரும்பி, நான்கு வரிசை கீழே, யாரோ ஒருவர் மடியில் உட்காரப் போனார். பிரைட்டன் துள்ளி எழுந்தார். கற்பித்தது நினைவு வந்தது.

"கோலப்பா!"

முதல் இரண்டு எழுத்துகள் மட்டுமே மற்றவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னால் முப்பது பேர் எழுந்தார்கள். செண்டை முழங்கியது. ஒரு மலப்புரத்துக்காரர் பிரைட்டனைத் தூக்கியே விட்டார்.

"கோளோ? ஆரா அடிச்சது?"

"கோலப்பன்."

"அதாரு? புதிய ஆளா?"

"வயக்காரரு. கொட்டாரம்."

மலப்புரத்துக்காரர் அவரை மெதுவாகக் கீழே இறக்கினார். செண்டை தானாக நின்றது. அந்த வரிசைகளில் மட்டும் ஒரு அரைநிமிடம் இந்தியா சமன் செய்திருந்தது, அதற்குக் காரணமானவர் கீழ்வரிசையில் தேநீர் சிந்திய காற்சட்டையோடு, "என்னத்துக்கு வேய் மானத்த வாங்குகீரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஆஸ்திரேலியா இரண்டாவதையும் போட்டது. இரண்டுக்குப் பூஜ்யம். பெனின் கொடியை நான்காக மடித்தான்.

மறுநாள் திருவனந்தபுரம் வந்து இறங்கினார்கள். பெட்டி வரும் இடத்தில் கோலப்பன் தள்ளிப் போய் நிற்க, பிரைட்டன் "மக்கா!" என்று கூப்பிட்டார். ஆறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். களியக்காவிளையில் சாயா குடித்தார்கள். மதியம் கார் வீட்டு வாசலில் நின்றது. பட்டறை முன்னால் இரண்டு எஞ்சின்கள் காத்துக் கிடந்தன. கிளாரா ஈரக்கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"கோல் கண்டியளா?"

பிரைட்டன் காரின் பின்கதவைத் திறந்து, இருக்கையில் வாய் பிளந்து உறங்கும் கோலப்பனைக் கைகாட்டினார்.