கிருமிகளின் கொடுக்கல் வாங்கல்

கிருமி வளர்ப்பது மாடு வளர்ப்பதைவிடக் கஷ்டம், பால்கூடக் கிடைக்காது. குடுவையும் தட்டுமாகக் காலம் தள்ளிய என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டுமா!

அறுபதுகளில் செம்பூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் ஸ்காலர். வயிற்றில் சாதுவாக வாழும் கிருமி ஒன்று, மருந்துக்குச் சாகாத குணத்தைச் சீதபேதிக் கிருமிக்குக் கொடுத்துவிடுகிறது என்று ஜப்பானில் கண்டிருந்தார்கள். இங்கேயும் அது நடக்கிறது என்று நான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். அப்பா வேறு எனக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்துவிட்டு, அது எப்போது நிற்கும் என்று காத்திருந்தார்.

கிருமிக்குச் சாப்பாடு

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. கிருமிக்கோ இறைச்சிச் சாறுதான் ஆகாரம். எதிர்வீட்டு மாமி துருவித் துருவிக் கேட்டாளே என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

“பகலெல்லாம் மாமிசத்தைக் காய்ச்சிட்டு, ஆத்துக்கு வந்து எப்படிடி சாம்பார் வைக்கறே?”

குலுக்கிய கை

தாராவியிலிருந்து வரும் சுடலைமுத்து அண்ணன் எங்கள் கூடத்து உதவியாளர். கிருமி செழித்து வளர, காற்றுப் படும்படி குடுவைகளைக் குலுக்குவதில் கெட்டிக்காரர். அன்று நான் இரண்டு கிருமிகளையும் கலந்து வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அவை இணை சேரும்போது அசைக்கவே கூடாது, ஒட்டியது பிய்ந்துவிடும். அண்ணனோ அக்கறையாய் வந்து வந்து குலுக்கியிருக்கிறார்.

அந்தக் கலவையைத் தடவிய மருந்துத் தட்டில் மறுநாள் ஒன்றும் முளைக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் தலையைச் சொறிந்தார்:

“ரெண்டும் உம்முன்னு கெடந்துச்சு தாயி, கொஞ்சம் பழகட்டும்னுதான் ஆட்டி விட்டேன்.”

டாக்டரின் ஒரே வார்த்தை

அடுத்த முறை தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு அண்ணனே காவல் இருந்தார், ஈ காக்கை அண்டவில்லை. மறுநாள் தட்டில் பொட்டுப் பொட்டாக முளைத்திருந்தது. எங்கள் தலைவரான பாலக்காட்டு டாக்டர் எதைப் பார்த்தாலும் சொல்லும் ஒரே வார்த்தையைச் சொன்னார்: “கன்டாமினேஷன்.” வெளியிலிருந்து வேறு கிருமி புகுந்துவிட்டதாம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டில் இரண்டு மருந்துகள். ஒன்று, கொடுக்கும் கிருமியைக் கொல்லும், மற்றது வாங்கும் கிருமியைக் கொல்லும்; சாகாத குணத்தை வாங்கிக்கொண்ட கிருமி மட்டுமே பிழைக்கும். இரண்டு கிருமிகளையும் கலக்காமல் தனித்தனியாகத் தடவிய தட்டுகள் துடைத்துவிட்டாற்போல் இருந்தன. அவற்றை அவர் கையில் திணித்தேன். ஜன்னலோரம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“உதவித்தொகை நிக்காது. சாயங்காலம் உங்கப்பாகிட்ட நானே வந்து பேசறேன், காபி மட்டும் நன்னாப் போடச் சொல்லு.”

கிருமியானாலும் மனுஷியானாலும், தனக்கு இல்லாத தைரியத்தைப் பக்கத்தில் இருப்பவர்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.