அப்பாவுக்கென்று இருந்த முடி

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் வாசிக்கிறவர்களுக்கு வேலை மிச்சம். நாற்பதைத் தாண்டி, தொப்பையும் வந்த பிறகு, யாங்கோனில் பசுந்தாங் ஓடைப் பக்கத்து மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு லண்டன் தெருப்பொறுக்கியாக வேஷம் கட்ட ஆசைப்பட்டவன் வேறு என்னவாக இருக்க முடியும்?

எல்லாம் கைப்பேசியில் பார்த்த பழைய படங்களால் வந்தது. ஒட்ட வெட்டிய தலை, கணுக்காலுக்கு மேலே மடித்த ஜீன்ஸ், தோளில் வார்ப்பட்டை, கனத்த பூட்ஸ். ஸ்கின்ஹெட் என்று அவர்களுக்குப் பெயர். அறுபதுகளில் லண்டன் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள். வேலைக்குப் போட்ட பூட்ஸையே தெருவுக்கும் போட்டார்கள். பாட்டையும் உடுப்பின் மிடுக்கையும் அக்கம்பக்கத்து ஜமைக்காப் பையன்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு அதே தலையோடு சிலர் கறுத்த தோல்காரர்களைத் தேடித் தேடி அடித்தார்கள் என்பதும் தெரியும். என் நிறத்துக்கு முதல் அடி எனக்குத்தான் விழுந்திருக்கும். இருந்தும் ஒரே ஒரு பொருத்தத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். என் அப்பாவும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.

கும்பல் சேர்க்கத்தான் ஆளில்லை. தெருமுனை டீக்கடையில் சின்னச் சின்ன நாற்காலிகள் மட்டும் உட்கார்ந்திருக்கின்றன. பட்டாளத்துக்குப் பிடித்துவிடுவார்கள் என்று பையன்கள் தாய்லாந்துக்குப் போய்விட்டார்கள். என் தம்பியும் போய்விட்டான். சிலர் எங்கே போனார்கள் என்று அவர்கள் வீட்டில்கூடக் கேட்கக் கூடாது. ஆகவே என் கும்பலில் தலைவன், தொண்டன், எதிரி எல்லாம் நானே.

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பா வீடு திரும்பிய வாரம் அது. கூடத்திலேயே அவருக்குப் படுக்கை போட்டிருந்தேன். மதியம் அவர் கண்ணயர்ந்ததும், கண்ணாடி முன் நின்று முடிவெட்டும் மிஷினை ஓட்டினேன். ஸ்கின்ஹெட் தலை மொட்டையல்ல. அரிசி நீளத்துக்காவது முடி நிற்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்தபோது கரண்ட் போனது. இங்கே போன கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதித் தலையோடு கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டிருந்துவிட்டு, பிளேடை எடுத்து மொத்தமாக வழித்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் மூத்தவன் முடி அப்பாவுக்கு, இளையவன் முடி அம்மாவுக்கு. அம்மா போனபோது தம்பிதான் மொட்டை போட்டான். அது என் நினைவுக்கே வரவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தேன். அதே கண்ணாடியில், எனக்குப் பின்னால், அப்பாவின் கண்கள் திறந்திருந்தன.

அவர் தன் கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்களை மெதுவாக மடக்கிப் பார்த்தார்.

வழித்த முடியைக் கொட்டக் கீழே இறங்கினேன். முதல் மாடி அக்கா என் தலையைப் பார்த்துவிட்டு, "எப்போ தம்பி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். யாரும் போகவில்லை, இது ஃபேஷன் என்றேன். துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நினைத்தார் போலும். பின்னாலேயே ஏறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் நின்று அழ ஆரம்பித்துவிட்டார். உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"வாம்மா. இன்னும் எடுக்கல."

அக்கா செருப்பை விட்டுவிட்டே ஓடினார்.

அதன் பிறகு அப்பா சாப்பிட மறுத்தார். வெறும் வயிற்றில் மாத்திரை கூடாது, மாத்திரை தவறவும் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, லண்டன், துறைமுகம், பூட்ஸ் என்று முழுக்கதையையும் சொன்னேன். கூரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஊர்ல அத்தனை அப்பன்மாரும் செத்துட்டானுங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்குள்ளேயே, துக்கத்துக்கு வந்தவனைப் போல, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடமாடினேன்.

சாயங்காலம் தெருவே "மீ லா ப்யீ" என்று கூவியது, கரண்ட் வந்துவிட்டது. பல்பு எரிந்ததும் என் மொட்டைத் தலையின் நிழல் அவர் மார்பில் விழுந்தது. நகர்ந்து உட்கார்ந்தேன். கஞ்சியைக் கரண்டியில் எடுத்து நீட்டி, என்னை இப்படிப் பார்த்ததும் பயந்துவிட்டீர்களா அப்பா என்று கேட்டேன்.

ஒரு வாய் வாங்கிக்கொண்டார். விழுங்கிய பிறகு சொன்னார்:

"பயமில்ல. நீ அழலையேன்னு பாத்தேன்."