அப்பாவின் போட்டோ ஃப்ரேமுக்குப் பதில் சொன்ன குமரவேல்

குமரவேல் இறந்துவிட்டார். நேற்று விடியற்காலையில். ஹார்ட் அட்டாக்.

எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? அவரைத் திட்டுவதற்காக போன் போட்டேன்.

நேற்று காலையில் எங்கள் வீட்டு போட்டோ ஃப்ரேம் நின்றுபோயிருந்தது. "இன்னா குமாரு, மறுபடியும் எத்தயோ நோண்டிட்டியா?" என்று எடுத்த எடுப்பிலேயே கத்தினேன். அந்தப் பக்கம் பேசியது அவருடைய மச்சான். "அக்கா... மாமா பூட்டாருக்கா."

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் நாங்கள் இருவரும் பல வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து சீட். சரக்கு இறக்குவதற்கான பேப்பர் போடுவதுதான் அவர் வேலை. ஆனால் பயோமெட்ரிக் மெஷின், டீ மெஷின், மேனேஜர் ரூம் ஏசி ரிமோட்... எல்லாவற்றையும் ஒருமுறையாவது கழற்றியிருக்கிறார். பாதி திரும்பச் சேரவில்லை.

எங்கள் ஃப்ரேம் கதைக்கு வருகிறேன்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஸ்ட்ரோக் வந்து பேச்சு போனது, வலது கையும் போனது. மஸ்கட்டில் இருக்கும் தங்கை, நெட்டில் ஓடும் ஒரு போட்டோ ஃப்ரேம் வாங்கிக் கொடுத்தாள். அவள் அங்கே மகள் படத்தை ஆப்பில் போட்டால், இங்கே திருவொற்றியூரில் அப்பா கட்டிலுக்கு எதிரே வந்துவிடும். நாளெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அந்தக் கம்பெனி கடையை மூடிவிட்டது. நன்றி சொல்லி ஒரு மெயில். அவ்வளவுதான். பழைய படங்கள்கூட வரவில்லை... "கனெக்டிங்" என்று ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. கஸ்டமர் கேர் நம்பர் உபயோகத்திலேயே இல்லையாம்.

அப்பா அந்த வட்டத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆபீசில் வாய்விட்டுப் புலம்பித் தொலைத்தேன். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு வாசலில் குமாரு.

"கம்பெனி மூடுன மேட்டரு இதுக்குத் தெரியாதும்மா. அது பாட்டுக்கு பழைய அட்ரஸ கூப்டுகினே கீது... புது போட்டோ கீதா, புது போட்டோ கீதான்னு. நாம ஒரு பொட்டிய வெச்சி, 'நான்தான் கம்பெனி, இந்தா போட்டோ'ன்னு சொல்லிட்டா நம்பிக்கும்."

"போலீசு கீலீசு வரப்போவுது குமாரு."

"இன்னாத்துக்கு? நம்ம பொருள நாம நோண்டுறோம்."

அதற்கப்புறம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். சாப்பாட்டு மேஜைதான் அவருக்கு ஒர்க்‌ஷாப். காய் வெட்டும் கத்தியால் ஃப்ரேமின் முதுகைத் திறந்தார். வைஃபை பெட்டியில் எதையோ மாற்றப்போய் வீட்டு நெட் மொத்தமும் போனது. என் வீட்டுக்காரர் என்னைத்தான் முறைத்தார். கேட்டால், "இரும்மா, இரும்மா..." என்று நெத்திலி வறுவலுக்குக் கை நீட்டுவார்.

நடுவில் அவருக்குக் கோபம் வேறு. "இன்னாமா இது, இவ்ளோ கலீஜா செஞ்சி வெச்சிக்கீறானுங்க? ஒரு பூட்டு கெடையாது. எவன் வேணா நடுவுல பூந்து நம்ம கொயந்த போட்டோவ பாத்துருக்கலாம்!"

"அதான் மூடிட்டானுங்களே, வேலைய பாரு" என்றேன்.

கடைசியில் எம்.கே.பி. நகரில் அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒரு பழைய லேப்டாப் ஏறியது. பேட்டரி செத்தது, எந்நேரமும் பிளக்கிலேயே இருக்க வேண்டும். அதுதான் சர்வர். எங்கள் ஃப்ரேம் இனிமேல் கம்பெனியைத் தேடாது, அதைத்தான் கூப்பிடும். தங்கை படங்களை அவர் போனுக்கு அனுப்புவாள், அவர் அதில் ஏற்றிவிடுவார்.

முதல் படத்துக்காக எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்கிறோம். பேத்தி வருவாள் என்று பார்த்தால்... வந்தது ஹெல்மெட் போட்ட குமாரு. அதுவும் தலைகீழாக.

அப்பா சிரித்தார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை. திட்ட வாயெடுத்த நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதோடு விட்டாரா? தங்கை மகள் படங்களுக்கு நடுவே இஷ்டத்துக்கு எதையாவது நுழைப்பார். ரோஜாப்பூவோடு குட் மார்னிங். காசிமேட்டில் பார்த்த சுறா. "பெர்சு, மாத்தர போட்டியா?" என்று கொட்டை எழுத்தில் ஒன்று.

"எங்கப்பா உனுக்கு பெர்சா?" என்று சண்டை போட்டு நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். அப்பா மாத்திரையைத் துப்பிவிட்டு இடது கையால் ஃப்ரேமைக் காட்டினார். நானே போன் பண்ணி, "போட்டுத் தொல" என்றேன்.

சாவதற்கு முந்தின நாளே குமாருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. "கேஸு" என்று சொல்லிவிட்டு சோடா குடித்தாராம். டீ மெஷினில் ஒரு லைட் எரியாவிட்டால் விடாத மனுஷன்... சோடா குடித்தாராம்! எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

நான் அவர் வீட்டுக்குப் போனபோது ஃப்ரீசர் பாக்ஸில் கிடந்தார். அதன் ஒயர் போன வழியைப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் பக்கத்து பிளக். லேப்டாப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் அதை மாட்டியிருக்கிறார்கள். எங்கள் ஃப்ரேம் நின்றது அதனால்தான்.

அந்த வீட்டில் யாரிடம் போய் என்ன சொல்ல? ஒரு ஓரமாக உட்கார்ந்தேன்.

சாயங்காலம் எடுத்தார்கள். காலி பாக்ஸை வண்டியில் ஏற்றியதும், அவர் மனைவி தேவி கூட்டத்திலிருந்து எழுந்து போய் லேப்டாப் ஒயரைப் பிளக்கில் சொருகி ஆன் பண்ணினார்.

"இப்ப இன்னாத்துக்குடி அது?" என்றார் தேவியின் அம்மா.

"யாரோ ஒரு பெரியவரு பாத்துகினு இருப்பாராம்மா. ஆஃப் பண்ணா இவுரு கத்துவாரு."

"எங்கப்பாதான் தேவி" என்றேன்.

திரும்பினார். முகமெல்லாம் வீங்கியிருந்தது. "ஐயோ... அப்ப காலீலேர்ந்து அவுருக்கு போட்டோவே வரலியாக்கா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் போன் பண்ணினார். ஃப்ரேம் ஓடுகிறதாம்.

ஆனால் புதுப் படம் ஏற்ற லேப்டாப்புக்கு ஒரு பாஸ்வேர்டு இருக்கிறது. தேவிக்குத் தெரியாது. மச்சானுக்குத் தெரியாது. ஆபீசிலும் யாருக்கும் தெரியாது.

போய் வா குமாரு. அத்தயாவது சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா, பாவி மனுஷா...