டில்மனுக்கு வெர்னா போட்ட மதிப்பெண்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் வெர்னா ஹூக்ஸ்ட்ரா. ஒரு ஜனவரி விடியலில் சாலை பனியில் கண்ணாடியாய் உறைந்து கிடந்தது. ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் கண்காணிப்பாளரான கிரெக் டில்மனுக்குப் போன் போட்டு, விடுமுறை விடச் சொன்னாள்.

"பயமா இருந்தா வேலைய விட்டுடும்மா. இல்லன்னா வண்டிய எடு," என்றார்.

எடுத்தாள். பேருந்து பள்ளத்தில் சரிந்தது. பிள்ளைகளுக்குக் கீறல்கூட இல்லை, பெற்றோர்தான் கொதித்தார்கள். போனே வரவில்லை என்று டில்மன் சாதித்தார். 'கவனக்குறைவு' என்று எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பினார்.

கடைத்தெருவில் தெரிந்தவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெர்னா கறுவிக்கொண்டே இருந்தாள். அவரைக் கேள்வி கேட்கக்கூடியவர்கள், ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியத்தின் ஏழு பேர்தான். தேர்தலில் நின்றாள், நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தாள்.

வருடாவருடம் கண்காணிப்பாளரின் வேலைக்கு வாரியம் மதிப்பெண் போடும், ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. மற்றவர்கள் காபி ஆறுவதற்குள் நாலு நாலாய்ப் போட்டுத் தள்ளிவிடும் தாள் அது. வெர்னா அதற்காக எட்டு மாதம் அலைந்தாள். பதிலே போகாத பெற்றோர் கடிதங்கள், இவர் தொல்லை தாங்காமல் விலகிய பதினோரு ஆசிரியர்களின் வாக்குமூலம், எல்லாம் சேர்த்தாள். வாசிப்புத் தேர்வில் பிள்ளைகள் தேறியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கு நாலு போட்டாள். ஒரு பொய் இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஆள் தப்பிவிடுவார். மற்றதுக்கெல்லாம் ஒன்றுதான் போட்டாள்.

மூடிய அறைக் கூட்டத்தில் டில்மன் சிரித்தார். "இது பழைய கோபம், வெர்னா."

"கோபம்தான். இல்லன்னா இவ்வளவு தேடியிருப்பேனா? இதுல எது பொய்னு சொல்லுங்க."

வாரியத் தலைவர் ரஸ் கடைசித் தாளில் நின்றுவிட்டார். வெர்னா வீட்டு டெலிபோன் பில். அந்த விடியலில் ஐந்து பத்துக்கு, டில்மன் வீட்டுக்கு நாலு நிமிட அழைப்பு. வேலையைப் பறித்தபோது அதை யாரும் கேட்கவில்லை.

"கிரெக், போனே வரலன்னுதான எங்ககிட்ட சொன்னீங்க?"

டில்மன் தண்ணீர் குடித்தார். நாலுக்கு மூன்று ஓட்டில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

வெளியே கார் பக்கத்தில் நின்று டில்மன் கேட்டார்: "இப்ப திருப்தியா?"

"இன்னும் இல்ல."

ஜூனில் பக்கத்து மாநிலத்துப் பள்ளி வாரியம் ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி அழைத்தாள். டில்மன் அங்கே விண்ணப்பித்திருந்தார். "அவரப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்ல முடியுமா?"

வெர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஐம்பது நிமிடம் பேசினாள். அந்த வேலையும் அவருக்குக் கிடைக்கவில்லை. இப்போது வீடு வீடாய்க் காப்பீடு விற்கிறார் என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரட்டும் என்று அவள் காத்திருக்கவும் இல்லை.