சைவ வீட்டுக் கோழிகள்

கோழி வளர்க்கிறவனுக்கு விடியற்காலைத் தூக்கமும் கிடையாது, அண்டை வீட்டாரின் நல்ல வார்த்தையும் கிடையாது. இதை வாசிக்கிறவர்களில் கோழியோ ஆடோ வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் இருந்தால், கூட ஒருத்தன் உண்டு என்று மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். என் பாடு உங்கள் பாட்டைவிடக் கொஞ்சம் கூடுதல். நாங்கள் சுத்த சைவம். முட்டை என்ற சொல்லையே எங்கள் தெருவில் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

நாஞ்சில்நாடு திருவனந்தபுரத்து அரசாங்கத்தின் கீழ் இருந்த காலம் அது. நான் பாட்டக் குத்தகைக்கு எடுத்து உழுத வயலை உடையவர் திருப்பி வாங்கிக்கொண்டார். மிஞ்சியது சானல் வாய்க்காலின் கரையில் ஒரு விளைத் தோட்டம், அதில் நாலைந்து தென்னை. தம்முடைய நெற்களத்தில் வந்து மேற்பார்வை பார்க்கும்படி மாமனார் சொன்னார். வீட்டோடு மாப்பிள்ளையாக உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனமில்லை. விளையில் கோழி விட்டேன். பிறகு தாரா விட்டேன். வாத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். ஒரு ஆடும் கட்டினேன். எல்லாம் பெருகின. எனக்குக் கைராசி உண்டு என்று நானே சொல்வது தற்பெருமைதான், ஆனால் பொய்யில்லை.

சொந்தச் சரக்கு

ஓலைப்பெட்டியில் தவிடு பரப்பி முட்டைகளை அடுக்கிக் கோட்டாற்றுக்குக் கொண்டுபோவேன். அங்கே ஒரு சாயிபு கடை. முதல் நாள் அவர் ஒரு முட்டையைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, இதற்கும் சீமைக்கோழி முட்டைக்கும் ருசியில் என்ன வித்தியாசம் என்று கேட்டார். தெரியாது என்றேன். வளர்க்கிறவனுக்கே தெரியாதா என்றார். பிறந்ததிலிருந்து நாக்கில் பட்டதில்லை என்றேன். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன், தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன், மிதந்தால் கழித்துவிடுவேன், ருசியைத் தின்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன்.

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சாயிபு சிரிக்காமல் பெட்டியை உள்ளே வைக்கச் சொன்னார். "சொந்தச் சரக்கத் திங்காத யாவாரிய இப்பத்தான் அண்ணாச்சி பாக்கேன். இனி எண்ணாமலே வாங்கிக்கிடலாம்."

கருவாட்டு மணம்

கோழிக்குத் தவிடு மட்டும் போட்டால் முட்டை குறைகிறது, கருவாட்டுத் தூள் கலந்தால் நன்றாக இடும் என்று சாயிபுதான் சொன்னார். கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு அம்மாளிடம், உடைந்த நெத்திலிக் கருவாடு கொண்டுவரச் சொன்னேன். விளைக்குப் பின்புறமாக வரும்படி சொல்ல மறந்துவிட்டேன். அந்த அம்மாள் கூடையோடு கோயில் தெரு வழியாக நேரே வந்து, ஒவ்வொரு வீட்டிலும் என் பேரைச் சொல்லி வழி கேட்டிருக்கிறாள். சைவத் தெருவில் கருவாட்டுக் கூடை நுழைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோழிக்கு என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

அப்போது என் மனைவி வடிவு பேறுகாலத்துக்குத் தகப்பனார் வீட்டுக்குப் போயிருந்தாள். கருவாடு அவளுக்கு முன்பே அவள் அப்பாவின் காதுக்குப் போய்விட்டது, அதுவும் நான் வறுத்துத் தின்றதாக. மச்சினன் சைக்கிளில் வந்தான். உள்ளே வரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, வேலிக்கு வெளியே நின்றே சொன்னான். "அத்தான், அப்பா சொல்லச் சொன்னாவ. ஒங்க வீட்டுல ஒண்ணு கோழி நிக்கட்டும், இல்லன்னா அக்கா நிக்கட்டும்."

வளர்க்க ஒரு சேவல்

கோழிக்கூட்டைப் பிரித்தால் மறுநாளே மாமனாரின் களத்தில் போய் நிற்க வேண்டும். பிரிக்காவிட்டால் வடிவு வரமாட்டாள். நான் பிரிக்கவில்லை. வீம்புதான், ஆனால் அந்த வீம்பில்தான் நிமிர்ந்து நடந்தேன். மாமனாருக்கு எதிராகச் சொல்லிக்காட்ட ஒரு கொள்கையும் வைத்திருந்தேன்: முட்டை விற்பேன், அறுக்கிறதுக்குக் கோழி விற்கமாட்டேன்.

பக்கத்து ஊரில் மாடன் சாமிக்குக் கொடை வந்தது, சேவல் பலி கொடுக்கிற திருவிழா. ஒருவர் வந்து, வெள்ளை இறகு ஒன்றுகூட இல்லாத கறுப்புச் சேவல் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். வளர்க்க என்றார். கொடை நாளும் அதுவுமாகக் கறுப்புச் சேவல்தான் வளர்க்க வேண்டுமா என்று மடக்கினேன். என் கொள்கையைப் பற்றி அவர் முன்பே கேள்விப்பட்டிருக்க வேண்டும், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "வளக்கத்தான் அண்ணாச்சி வாங்குகேன். ராத்திரி வரைக்கும் வளப்பேன்."

ஆட்டின் ஓட்டு

அது தேர்தல் வருஷம். சுவரெல்லாம் நோட்டீஸ். கஞ்சிப் பசை தடவி ஒட்டுவார்கள், அந்தப் பசைக்காக என் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் நோட்டீசையும் சேர்த்துத் தின்றுவிடும். ஒரு கட்சிக்காரர் கோபமாக வந்து, எதிர்க்கட்சிக்காரன் சொல்லித்தான் நான் ஆட்டை அவிழ்த்துவிட்டதாகச் சொன்னார். அவரைக் கூட்டிக்கொண்டு போய் அடுத்த சுவரைக் காட்டினேன். அங்கே எதிர்க்கட்சி நோட்டீஸ் பாதி கடிபட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மனுஷர் கிட்டே போய்ப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அவன் நோட்டீசப் பாதியிலே துப்பியிருக்கு, பாத்தியளா? சனங்களும் அதத்தான் செய்யும்."

கரையில் நின்ற கோழி

பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று தகவல் வந்தது. வந்து பார் என்று யாரும் சொல்லவில்லை. அழைக்காத வீட்டுக்குப் போக என் வீம்பு விடவில்லை. அந்த நாட்களில்தான் தாரா முட்டைகளைக் கோழிக்கு அடைவைத்திருந்தேன். தாரா அடைகாப்பதில் சோம்பேறி என்பது வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். குஞ்சுகள் பொரித்து, நடக்கத் தொடங்கி, ஒரு காலையில் வரிசையாகச் சானலில் இறங்கிவிட்டன. கோழி கரையில் அங்கும் இங்குமாக ஓடிக் கத்தியது. தண்ணீரில் கால் வைக்கும், எடுக்கும், மறுபடி கத்தும். குஞ்சுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. பெற்ற பிள்ளை ஒரு சைக்கிள் தூரத்தில் இருக்க, நான் இங்கே தாராவுக்குக் காவல் நிற்கிறேனே என்று தோன்றியது. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணின் மகன் சொல்லாமல் கொள்ளாமல் கொழும்புக்குப் போனவன். அவள் துணியைப் பிழிந்தபடி கோழியிடம் சொன்னாள். "சும்மா கெட மக்கா. பசிச்சா வருவானுவ."

ஆசான் கேட்டது

மாமனார் வரப்பில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். எலும்பு கட்டுகிற ஆசானைக் கூட்டிவந்தார்கள். எங்கள் பக்கத்து ஆசான்மார் நாட்டுக்கோழி முட்டையின் வெள்ளைக் கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பத்துப் போட்டு, மேலே மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவார்கள். அன்று இட்ட முட்டைதான் வேண்டும், சந்தை முட்டை ஆகாது என்று ஆசான் சொல்லிவிட்டார். அந்தத் தெருவும் சைவத் தெரு. மச்சினன் மறுபடி சைக்கிளில் வந்தான். இந்தத் தடவை வேலிக்கு உள்ளே வந்தான். அப்பா விழுந்ததை, ஆசான் வந்திருப்பதை, முட்டை என்ற சொல்லைத் தவிர மீதி எல்லாவற்றையும் சொன்னான், நானும் அவனைச் சோதிக்கவில்லை. கூட்டில் சூடு ஆறாமல் கிடந்த முட்டைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனேன்.

மாமனார் என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்வாசல் வழியாகக் கொண்டுவரச் சொல்லி யாரோ முணுமுணுத்தார்கள். வடிவு எழுந்து வந்தாள். எங்கள் வீட்டில் இருந்த நாளெல்லாம் தூர நின்று கோழிக்கு அரிசி எறிவாளே தவிர, ஒரு முட்டையை அவள் விரலால் தொட்டதில்லை. தோளில் கிடந்த குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு முன்வாசல் வழியாகவே உள்ளே போனாள். ஆசான் உடைத்து ஊற்ற, அவள்தான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என் மகளை முதல்முதலாகப் பார்த்தேன். மூக்கு அப்படியே மாமனார் மூக்கு. அதற்காக அவளை வெறுக்க முடியுமா?

கை கூடுகிற வரைக்கும் வாரம் ஒரு தடவை கட்டு மாற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் புது முட்டை வேண்டும் என்று சொல்லிவிட்டு ஆசான் போனார். வடிவு கையைக் கழுவிக்கொண்டு வந்து அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். "முட்டை வேணும்னா கோழி வேணும். கோழியப் பாக்க வீட்டுல ஆள் வேணும் அப்பா. நான் போறேன்" என்றாள். வண்டி கட்டி, குழந்தையை ஏற்றி, நான் சொல்லிக்கொள்ள உள்ளே போனபோதுதான் சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. "மாப்ளே, கூட்டப் பிரிச்சுப் போட்டிராதேயும். வெள்ளிக்கிழம அடுத்த கட்டு."

முட்டையை வாயில் வைக்காமலே முட்டையால் பிழைத்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் உண்டு, அதில் மாமனார் மட்டும் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.