செட்டிகுளம் வீதியில் நான் இடித்த மாடு

வன்னிக்குப் போய் வாடகைக் கார் எடுத்து ஓடப் போகிறேன், காப்புறுதி பற்றி ஏதாவது தெரியுமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். தெரியும். நான் அதைப் படித்ததற்கு விலை கொடுத்தது வேறொருவர்.

2000ஆம் ஆண்டு ஆவணி மாதம். அப்போது வவுனியாவில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மனைவியின் தங்கைக்குச் செட்டிகுளத்தில் ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. அவளையும் மெத்தை, இரண்டு கதிரை, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாவற்றையும் கொண்டுபோய் இறக்க வேண்டும். என் காரோ கியர் பெட்டி கழற்றப்பட்டுக் கராஜில் கிடந்தது. கராஜ் முதலாளி தன் வெள்ளைக் காரின் சாவியைத் தந்தார்.

"வாடகை வேண்டாம், பெற்றோல் மட்டும் அடியுங்கோ."

"இன்சூரன்ஸ்?"

"ஃபுல் இன்சூரன்ஸ் மாஸ்டர். பயப்பிடாமல் ஓடுங்கோ."

முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த இன்சூரன்ஸ் துண்டைப் பார்த்தேன், திகதி சரி. பத்திரத்தைக் கேட்கவில்லை. கார் தந்தவரிடம் கடதாசி கேட்பது மரியாதையில்லை என்று நினைத்த மண்டூகம் நான்.

காலை 7.20க்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்கு இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தது. வழியில் ஒவ்வொரு இராணுவச் சென்றியிலும் சோதனைக்கு இறங்கி, மெத்தையை உதறிக் காட்டி, திரும்பக் கட்டினோம். மூன்றாவது இடத்தில் அடுப்பையும் கழற்றச் சொன்னார்கள். திரும்பும்போது நான் தனி. 10.40 இருக்கும், ஊரைத் தாண்டி இரண்டு கிலோமீற்றர்கூட வரவில்லை. பற்றைக்குள்ளிருந்து ஒரு சைக்கிள், பின்னால் விறகுக் கட்டு. பிரேக்கை மிதித்தேன். கார் இடப்பக்கம் இழுத்துப் போய்ச் சைக்கிளில் மோதியது. அது அப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியாது.

விழுந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் மாரிமுத்து. மலையகத்திலிருந்து வந்து வன்னிக்குள் ஸ்கந்தபுரத்தில் காடு வெட்டிக் கமம் செய்தவர், சண்டையில் இடம்பெயர்ந்து செட்டிகுளத்தில் கூலிக்கு உழுதுகொண்டிருந்தார். கால் முழங்காலுக்குக் கீழே திரும்பியிருந்தது. அந்த நிலையிலும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"பொலிஸுக்குப் போவாதீங்க சார். பாஸ் முடிஞ்சு நாலு நாளாச்சு."

அந்த நாட்களில் வன்னிக்குள்ளிருந்து வந்தவர்கள் இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த அந்தப் பக்கம் தங்குவதற்கு அனுமதிப் பாஸ் வேண்டும். முடிந்த பாஸோடு பொலிஸில் போய் நின்றால் எங்கே அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் விசாரணைக்குப் போக விருப்பமில்லை. சரி என்றேன். அவரைச் செட்டிகுளம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். மரத்திலிருந்து விழுந்ததாக அங்கே அவரே சொன்னார். மாவுக்கட்டுப் போடும்போது பக்கத்தில் நின்று, பெரிய மனிதன் மாதிரி ஒரு வாக்கும் கொடுத்தேன்.

"காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. எல்லாம் இன்சூரன்ஸ்காரர் பாப்பினம்."

வவுனியா வந்ததும் முதலாளி முதலில் பம்பரைத்தான் பார்த்தார். பிறகு அலுமாரிக்குள்ளிருந்து பத்திரத்தை எடுத்து வந்தார். ஓட்டுபவர் அவராகவோ அவருடைய கராஜ் ஆளாகவோ இருக்க வேண்டும். ஆளுக்குக் காயம் என்றால் உடனே பொலிஸில் பதிய வேண்டும். இரண்டும் கறுப்பு மையில் தெளிவாக இருந்தன.

"ஃபுல் எண்டது காருக்குத்தான் மாஸ்டர்."

அடுத்த நாள் அவரே பொலிஸுக்குப் போய்ப் பதிந்தார். தான் ஓட்டியதாகவும், மாடு குறுக்கே வந்ததாகவும். பக்கத்தில் இருந்த சாட்சி நான். கையெழுத்துப் போட்டேன். மாரிமுத்துவைக் காப்பாற்றத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என்னைக் காப்பாற்றத்தான் போட்டேன். இன்சூரன்ஸ் காசில் பம்பரும் விளக்கும் புதிதாக வந்தன.

ஆகவே, கார் எடுக்கப் போகிறவர்களே, வாயால் சொல்வதை நம்பாதீர்கள். இரவல் காரோ வாடகைக் காரோ, பத்திரத்தையே வாங்கிப் படியுங்கள். ஓட்டுபவர் என்று யார் பெயர் இருக்கிறது, எந்த எல்லை வரை செல்லும், வெளியாள் காயப்பட்டால் என்ன கிடைக்கும், எத்தனை மணித்தியாலத்துக்குள் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று பாருங்கள். உங்கள் பெயரைச் சேர்த்து எழுதித் தராவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போங்கள். புறப்பட முன் வெற்று வீதியில் ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பாருங்கள்.

மூன்று கிழமை கழித்து நானும் பஸ்ஸில்தான் செட்டிகுளம் போனேன். மாரிமுத்து தான் இருந்த ஓலைக் கொட்டிலில் காலை நீட்டிக் கிடந்தார். மழைக்கால நெல்லுக்கான காலபோக உழவு தொடங்கப் போகிறது, அவர் உழுவதாக ஏற்றிருந்த வயல்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொண்டுபோன சாமான் பையை வாங்கி ஓரமாக வைத்தார்.

"இன்சூரன்ஸ்காரங்க எப்ப வருவாங்க சார்?"

சொன்னேன். பத்திரத்தில் இருந்ததை, மாட்டை, என் கையெழுத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவர் கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்தார்.

"நல்லதுதான் சார்," என்றார். "மாட்டுக்கிட்ட பாஸ் கேக்க மாட்டாங்க."