ஒரே மேஜையில் இரண்டு ஆட்டம்

இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம், ஐப்பசி அடைமழையில், விழுப்புரத்தில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி அதிக நாளாகவில்லை. ரயில்வே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கணவர் கூட்ஸ் வண்டி டிரைவர். ஸ்டேஷனுக்குப் பின்னால் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம்.

நான் ஸ்னூக்கர் ஆடக் கற்றுக்கொண்டது எப்படி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதை நம்ப மாட்டீர்கள். ஜங்ஷன் ஊர் என்பதால் ரயில்வேக்காரர்களுக்கென்று ஸ்டேஷன் எதிரில் ஓர் இன்ஸ்டிடியூட் இருந்தது. அதில் பெரிய பில்லியர்ட்ஸ் மேஜை ஒன்று. புதன்கிழமை மத்தியானங்களில் வீட்டுப் பெண்கள் வரலாம் என்று விதி. வருகிற இரண்டொருவரும் சீட்டாடிவிட்டுப் போவார்கள். மேஜை சும்மா கிடக்கும். என் கணவருக்கு ஸ்னூக்கர் பைத்தியம். அவருடைய ஓய்வு நாள் புதனில் விழுந்தால் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். நான் கண்டாச்சிபுரம் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் கோலோடு அந்தப் பச்சை மேஜைமேல் குனிந்து நிற்பதை என் அம்மா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். ஆனால் ஆட்டம் எனக்குப் பிடித்துப்போயிற்று. பந்தை அடித்துப் பையில் போடுவதைவிட, எதிராளிக்கு நேராகத் தெரியாதபடி மறைத்து வைப்பது எனக்கு நன்றாக வந்தது.

அன்று பொழுது விடிந்ததே தெரியவில்லை. வானமும் தரையும் ஒரே சாம்பல் நிறம். முந்தின நாள் திண்டிவனத்துக்குப் போயிருந்த கணவர் காலையில் கூட்ஸ் வண்டியோடு திரும்ப வேண்டும். சோறு ஆறிப்போனது. தெற்கே தனுஷ்கோடியிலிருந்து வந்த எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே இருந்தது. மனசு கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனேன்.

“தந்திக் கம்பி அறுந்து கெடக்குதும்மா. உங்க வூட்டுக்காரரு வண்டி மயிலம் தாண்டிச்சின்னு சேதி வந்துச்சி. அதோட சரி, பேரணிக்கு வந்து சேரல. ஆளுங்க போயிருக்காங்க. நீங்க இன்ஸ்டிடியூட்ல போய் குந்துங்க, சேதி வந்தா சொல்லியனுப்புறேன்” என்றார்.

இன்ஸ்டிடியூட்டில் ஒரு ஜீவன் இல்லை. கரண்ட் போயிருந்தது. ஜன்னல் வழியாக வந்த மழை வெளிச்சத்தில் மேஜை மட்டும் ஒரு குளம் மாதிரி பச்சையாக மிதந்தது. அதன் ஓரத்தில் காக்கி உடுப்புப் போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி நின்று, துணியைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். நின்றுபோன எக்ஸ்பிரஸில் வந்தவள். அமெரிக்கப் பட்டாளத்து நர்ஸ். சிலோனிலிருந்து மதராஸுக்குப் போகிறாள். இதெல்லாம் அவளே சொன்னது. அவள் ஆங்கிலம் மூக்கிலிருந்து வந்தது, எனக்குப் பாதிதான் புரிந்தது.

“ஆடுவாயா?” என்று கேட்டாள். ஆடுவேன் என்றேன். கணவரைப் பற்றிச் சேதி தெரியாமல் காத்திருப்பதையும் சொன்னேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கோலை எடுத்து என்னிடம் நீட்டினாள். அந்தச் சமயத்தில் என் கைகளுக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

முதலில் எங்கள் ஆட்டம். சிவப்புப் பந்து ஒன்றை மேஜை ஓரத்துப் பையில் போட்டால் அடுத்து வண்ணப் பந்து ஒன்றை அடிக்கலாம், போட்ட வண்ணப் பந்து திரும்ப மேஜைக்கு வந்துவிடும், சிவப்பு எல்லாம் தீரும்வரை இப்படியே என்று சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு உடனே பிடிபட்டது. ஆனால் அவள் ஆடிய விதம் எனக்குப் புதிது. ஒவ்வோர் அடிக்கு முன்னாலும் பந்தைக் காட்டி, பையைக் காட்டி, “இது, அங்கே” என்று சொல்லிவிட்டுத்தான் குனிவாள். எதற்குச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவர்கள் ஊரில் பாக்கெட் பில்லியர்ட்ஸ் என்று ஓர் ஆட்டமாம். எந்தப் பந்து எந்தப் பைக்குப் போகும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். சொன்னது ஒன்று, விழுந்தது வேறு என்றால் கணக்கில் சேராதாம். எங்கள் ஆட்டத்தில் சிவப்பு எதேச்சையாக எங்கே விழுந்தாலும் செல்லும் என்றேன். “அப்படியானால் உங்கள் ஆட்டத்தில் கடவுளும் கூட ஆடுகிறார்” என்று சிரித்தாள்.

அவள் ஆட்டம் முழுக்க அடிதான். அவளுடைய அப்பா ஏதோ ஒரு ரயில்வே ஊரில் இந்த ஆட்டத்துக்கென்றே ஒரு கூடம் வைத்திருந்தாராம். அதில் தவழ்ந்து வளர்ந்தவள். அங்கே மேஜை எங்களுடையதில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான், பந்து பெரிது, பை வாய் அகலம். இங்கே எங்கள் குறுகலான பைகளின் உதட்டில் முட்டி முட்டி அவள் பந்துகள் திரும்பி வந்தன.

என் முறை வந்தபோது அடிக்க வசதியாக ஒன்றும் இல்லை. வெள்ளைப் பந்தை மெல்ல ஒரு சிவப்பில் தொடவிட்டு, பச்சைப் பந்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவள் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எந்தச் சிவப்பும் அவளுக்கு நேராகத் தெரியவில்லை. வெள்ளையை ஓரத்தில் மோதவிட்டுச் சுற்றி அடித்துப் பார்த்தாள். பச்சையில் போய்ப் பட்டது. எனக்கு நாலு புள்ளி என்றேன்.

“தப்பு செய்தது நான், புள்ளி உனக்கா? எங்கள் ஊரில் என் கணக்கிலிருந்துதான் குறைப்பார்கள்.”

“இங்கே ஒருத்தருடைய தப்பு இன்னொருத்தருக்குச் சேரும்” என்றேன்.

அவர்களும் ஒளித்து வைப்பதுண்டாம். ஆனால் இப்படித் தொட்டும் தொடாமலும் விட முடியாது, தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்தாவது ஓரத்து ரப்பரில் போய் மோத வேண்டும் என்றாள். சும்மா பதுங்க விடமாட்டார்களாம்.

பிறகு அவர்கள் ஆட்டம். வண்ணப் பந்துகளை எடுத்து வைத்துவிட்டு, பதினைந்து சிவப்பை மட்டும் முக்கோணமாக அடுக்கினாள். எதை வேண்டுமானாலும் அடிக்கலாம், எல்லாம் ஒரே மதிப்பு. கடைசிப் பந்து ஒன்று மிஞ்சும்போது அதை அப்படியே விட்டுவிட்டு, மற்றதை மறுபடி அடுக்கி ஆட்டத்தைத் தொடர வேண்டும். பேசிவைத்த புள்ளி வரும்வரை மேஜை காலியாவதே இல்லை. ஓட்டுக் கூரையில் மழை ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. பந்தோடு பந்து மோதும் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. விழுப்புரம், ஸ்டேஷன், யுத்தம் எல்லாம் எங்கேயோ கரைந்து போய், அந்தப் பச்சைத் துணியும் நாங்கள் இருவரும் மட்டும் எஞ்சியிருப்பதாகத் தோன்றியது.

என் முறை. “எந்தப் பந்து? எங்கே?” என்று கேட்டாள். எதிரிலேயே ஒரு சிவப்பு பையோரத்தில் தயாராக இருந்தது. சின்னக் குழந்தைகூடப் போடும். எனக்கு வாய் வரவில்லை. என்ஜின் டிரைவரின் மனைவியாக வந்த நாளிலிருந்து நான் எதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ‘இன்றைக்கு வந்துவிடுவார்’ என்று அண்டை வீட்டில்கூடச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கேயோ யாரோ கேட்டுவிடுவார்கள் என்று ஒரு பயம். அவள் அவசரப்படுத்தவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் நான் கோல் நுனியால் அந்தப் பந்தையும் பையையும் காட்டினேன்.

“காட்டினாலும் செல்லும்” என்றாள்.

நான் குனிந்த நேரத்தில் கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்த கேங் மேஸ்திரி, தண்டவாள வேலைக்காரர்களுக்குத் தலைவர். பேரணிக்கு அப்பாலிருந்து டிராலி தள்ளிக்கொண்டு வந்தவர்.

“டீச்சரம்மா, பயப்படாதீங்க. பாலத்தத் தாண்டினதும் கரை கரைஞ்சி என்ஜின் சாஞ்சிட்டுது. டிரைவரு உசுரோட இருக்காரு. காலு மட்டும் தகடுல மாட்டிக்கினு இருக்குது. ஆவி வேற பட்டிருக்குது. இழுத்தா கத்துறாரு, நாங்க வுட்டுட்டோம். டாக்டரக் கூட்டியாறச் சொன்னாங்க. இங்க டாக்டரு ஊர்ல இல்லியாமே, பேஜாரா போச்சி.”

என்ன சொல்கிறார் என்று நர்ஸ் கேட்டாள். தட்டுத் தடுமாறி மொழிபெயர்த்தேன். அவள் தன் கோலை அலமாரியில் வைத்தாள், என் கையிலிருந்ததையும் வாங்கி வைத்தாள், விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

வாசலில் ஒரு பட்டாளத்து லாரி நின்றது. எக்ஸ்பிரஸில் வந்த ராணுவத்தாரைப் பாண்டிச்சேரி வழியாகச் சுற்றி மதராஸுக்குக் கூட்டிப்போக வந்தது. அவள் பெட்டிகள் ஏற்கெனவே அதில் ஏறியிருந்தன. ஏறி, ஒரு தோல் பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அதிகாரி ஒருவர் சிவந்த முகத்தோடு சத்தம் போட்டார். மறுநாள் மதராஸில் ஆஜராகாவிட்டால் தண்டனை என்று சொன்னது மட்டும் எனக்குக் காதில் விழுந்தது. அவள் கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள், என்னோடு ஸ்டேஷனுக்குள் வந்துவிட்டாள்.

விபத்து நடந்த இடத்துக்குப் புறப்பட்ட உதவி வண்டியில் பெண்களை ஏற்ற ஸ்டேஷன் மாஸ்டர் தயங்கினார். “அந்தம்மா போறது சரி. நீங்க எதுக்கும்மா?” என்றார்.

“அவங்க பேசுற இங்கிலீஷ அங்க யாரு எடுத்துச் சொல்லுவாங்க?” என்றேன். அவர் பெட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

அந்தப் பயணம் இன்றைக்கும் எனக்குக் கனவு போலத்தான் இருக்கிறது. ஓர் என்ஜின், ஒரே ஒரு பெட்டி. விக்கிரவாண்டிக்கு மேல் இரண்டு பக்கமும் தண்ணீர். வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லைகள் இருந்த இடமெல்லாம் கடல். பனைமரங்கள் கழுத்தளவு நீரில் வரிசையாக நின்றன. ஆட்கள் முன்னால் நடந்து கம்பியால் கரையைக் குத்திப் பார்க்க, வண்டி அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்தது. பேரணிக்கு அப்பால் இறங்கி நடந்தோம். அவள் என் கையை விடவே இல்லை.

என்ஜின் ஒருக்களித்துச் சரிவில் படுத்திருந்தது. ஃபயர்மேன் என் கணவரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சாக்கால் மழையை மறைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

“இன்னாமே, இந்த மழையில வந்துக்கினு” என்றார் அவர். முகம் வெளுத்துப்போயிருந்தது.

அவள் ஒரு பார்வை பார்த்தாள். முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். ஊசி போட்டாள். இழுக்கப் போன ஆட்களைக் கையசைத்து நிறுத்தினாள். என்ன செய்யப் போகிறீர்கள், எந்தப் பக்கம் தூக்குவீர்கள், கால் எந்த வழியாக வரும் என்று கேட்கச் சொன்னாள். நான் கேட்டேன்.

“இந்தத் தகட்ட இப்டிக்கா நெம்புவோம். கால அந்தாண்ட இல்ல, இந்தாண்ட இழுக்கணும்” என்று மேஸ்திரி கையால் காட்டினார். அதைச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் உயர்த்த முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றார்கள். ஒவ்வொன்றையும் இப்படிச் சொல்லிச் சொல்லி, பிறகுதான் கடப்பாரையில் கை வைத்தார்கள். அந்த நேரம் முழுக்க என் வாயிலிருந்துதான் இரண்டு பேச்சும் போய் வந்தன. நடுங்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

கால் வெளியே வந்தது. பாதம் பாதமாக இல்லை. ஊசியின் மயக்கத்தில் அவர் அவளைப் பார்த்து, “இந்தம்மா யாரு?” என்றார்.

“இன்ஸ்டிடியூட்ல என்கூட ஆடிக்கினு இருந்தாங்க.”

“யாரு ஜெயிச்சது?”

“இன்னும் முடியலிங்க” என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது.

விழுப்புரத்தில் டாக்டர் இல்லாததால் திண்டிவனம் என்று முடிவாயிற்று. பாலத்தின்மேல் நின்றிருந்த கூட்ஸ் பெட்டிகளின் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக, அவரைப் பலகையில் வைத்துத் தூக்கிப்போனோம். அந்தப் பக்கம் மயிலத்திலிருந்து டிராலி வந்திருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திண்டிவனம் ஆஸ்பத்திரி. அங்கிருந்த டாக்டர் பாதத்தை எடுக்க வேண்டும் என்றார். அவள் ஒரு துணியால் தலையைக் கட்டிக்கொண்டு அவரோடு உள்ளே போனாள். வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். “உன் கணவர் பிழைத்துவிடுவார்” என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போனாள். அவள் தலை என் தோளில் சாய்ந்தது.

மறுநாள் மழை வெறித்தது. திண்டிவனத்திலிருந்து மதராஸ் பக்கம் வண்டி விட்டார்கள். பிளாட்பாரத்தில் அவளுக்கு நன்றி சொல்ல நினைத்தேன். ஒரு நாள் முழுக்கப் பேசிய ஆங்கிலம் அந்த நேரம் பார்த்து ஒரு சொல்கூட வரவில்லை. அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். வண்டி வளைவில் திரும்பிய பிறகுதான் ஒன்று உறைத்தது. நான் அவள் பெயரைக் கேட்கவே இல்லை, அவளும் என் பெயரைக் கேட்கவில்லை. மதராஸில் அவளுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பதும் எனக்குத் தெரியாது.

என் கணவருக்கு என்ஜின் போயிற்று. ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். நல்லபடியாக வாழ்ந்து, பேரன் பேத்திகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆஸ்பத்திரி வராந்தாக்களில், சேதிக்காகக் காத்திருக்கும் முன்பின் தெரியாத பெண்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒன்றும் கேட்க மாட்டேன், ஆறுதலும் சொல்ல மாட்டேன். போக வேண்டிய வேலை ஒன்று எனக்கும் இருக்கும். அது கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். இன்னொருத்தருக்கு நாம் கொடுக்கக்கூடியதில் பெரியது அந்த நேரம்தான் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.